துலோ: வட்ட வீட்டுக்குள் யாருக்கு எது சொந்தம்?

தெற்குச் சீனாவின் ஃபுஜியான் மாகாணத்து மலைக்கிராமங்களில் இருக்கும் வட்டமான மண் கட்டடங்களை ஏதாவது ஒரு ட்ரோன் வீடியோவில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பச்சை வயலுக்கு நடுவே, கறுப்பு ஓடு வேய்ந்த பெரிய பெரிய வளையங்கள். அவற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆளுக்கொரு விளக்கம் வருகிறது. போர்க்காலக் கோட்டை என்கிறார் ஒருவர். ஊரே ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிட்ட பொதுவுடைமை வீடு என்கிறார் இன்னொருவர். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கச் செயற்கைக்கோள் படங்களில் இவற்றைப் பார்த்து ஏவுகணைத் தளம் என்று பயந்துபோனார்கள் என்ற கதையும் தவறாமல் வந்துவிடும். கதை சுவையானதுதான். ஆனால் அந்த வீட்டுக்குள் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அது ஒன்றும் சொல்வதில்லை.

இந்தக் கட்டடங்களின் உண்மையான அதிசயம் உள்ளே இருக்கும் பங்கீட்டில் இருக்கிறது என்பது என் எண்ணம். அது தெரியாமல் போய் நின்றால் ஒரு பெரிய சுவரையும் நாலு தேநீர்க் கடைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதான். அதனால் அடிப்படையிலிருந்து தொடங்கலாம்.

முதலில், இது என்ன?

துலோ என்றால் மண்ணால் கட்டிய மாடி வீடு. மூன்று முதல் ஐந்து தளங்கள் வரை உயர்ந்த தடித்த மண் சுவர் வெளியே. அந்தச் சுவரின் உள்பக்கத்தை ஒட்டி, மரத்தால் ஆன அறைகள் வரிசையாக. நடுவில் திறந்த முற்றம். எல்லா அறைகளும் முற்றத்தைப் பார்த்துத் திறக்கும்; வெளியுலகத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும்.

இதற்குள் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே குலப்பெயர் கொண்டவர்கள். நம் வழக்கில் சொன்னால் பங்காளிகள். ஒரு பாட்டனின் வழியில் வந்த பல குடும்பங்கள் ஒரே கட்டடத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கின்றன. பெரிய துலோக்களில் 800 பேர் வரை குடியிருந்ததாக யுனெஸ்கோ சொல்கிறது. 2008-ல் ஃபுஜியானின் 46 துலோக்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இந்த எண்ணைப் பார்த்து மொத்தமே 46தான் இருக்கின்றன என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படியில்லை. அது தேர்ந்தெடுத்த பட்டியல் மட்டுமே. அந்த மலைப்பகுதி முழுக்க, பெயர் வெளியே தெரியாத துலோக்கள் நிறைய நிற்கின்றன.

எல்லாமே பழங்காலத்துச் சமாச்சாரமும் அல்ல. பட்டியலில் உள்ளவை 15-ஆம் நூற்றாண்டு முதல் 20-ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பட்டவை. தியான்லுவோகெங் கிராமத்தில் இருக்கும் நீள்வட்டத் துலோவான வென்சாங் லோ 1966-ல் கட்டியது. நம் அப்பா, தாத்தா காலத்திலும் இதே மண்ணை இதே முறையில் இடித்து வீடு எழுப்பியிருக்கிறார்கள்.

மேலிருந்து கீழாகப் பிரித்த வீடு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாடியில் ஒருவருக்கு ஃபிளாட் இருந்தால், அவருடைய சமையலறை, படுக்கையறை, ஹால் எல்லாம் அந்த மூன்றாவது மாடியிலேயே இருக்கும். கட்டடத்தைக் கிடையாக வெட்டி, தளம் தளமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். தரைத்தளக்காரருக்குத் தண்ணீர் வசதி, மேல்மாடிக்காரருக்குக் காற்று, மொட்டைமாடிக்குக் கீழே இருப்பவருக்கு வெயில். யாருக்கு எந்தத் தளம் என்பதிலேயே ஏற்றத்தாழ்வு வந்துவிடுகிறது, விலையும் மாறுகிறது.

வடக்கிலிருந்து வந்து இந்த மலைகளில் குடியேறிய ஹக்கா மக்களின் துலோவில் வெட்டு நேர்மாறு. கட்டடத்தை மேலிருந்து கீழாக, செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை, அதற்கு நேர் மேலே இரண்டாம் தளத்தில் ஓர் அறை, அதற்கும் மேலே மூன்றாம், நான்காம் தளங்களில் ஒவ்வோர் அறை. ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இந்த நான்கு அறைகளும் சேர்ந்ததுதான் ஒரு வீடு. இதைச் செங்குத்துப் பங்கு என்று வைத்துக்கொள்வோம்.

தரைத்தள அறை சமையலறை. அடுப்பு, விறகு, சாப்பாட்டு மேசை எல்லாம் அங்கேதான். பகல் பொழுதின் பெரும்பகுதி அந்த வாசலில்தான் கழியும். இரண்டாம் தளம் தானிய அறை. நெல், உலர்ந்த காய்கறி, விவசாயச் சாமான்கள் அங்கே போகும். மூன்றும் நான்கும் படுக்கையறைகள். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. சமையலுக்குக் கிணறு பக்கத்தில் இருக்கவேண்டும். தானியத்துக்கு ஈரத்தரையிலிருந்து தூரம் வேண்டும், கீழே எரியும் அடுப்பின் சூடும் அதற்கு நல்லது. மேல்தளங்களில்தான் வெளிச்சுவரில் ஜன்னல் வைக்க முடியும், ஆகவே மனிதர்கள் தூங்குவது அங்கே.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஈரமும் காற்றும் வெளிச்சமும் இருட்டும் ஒரே கலவையில் கிடைக்கின்றன. பணக்காரப் பங்காளி மேலே, ஏழைப் பங்காளி கீழே என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரிய குடும்பம் இரண்டு, மூன்று பங்குகள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பங்கு என்பது எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே தன்மை.

யோங்டிங் வட்டாரத்தில் காவ்பெய் என்ற கிராமத்தில் இருக்கும் செங்ச்சி லோ இதற்கு நல்ல உதாரணம். (இந்தப் பெயர்களின் கடைசியில் வரும் ‘லோ’ மாடிக் கட்டடத்தைக் குறிக்கும்.) ஜியாங் குலத்தவர் கட்டி 1709-ல் முடித்த வீடு. வெளிவளையம் நான்கு தளம், ஒரு தளத்துக்கு 72 அறைகள். அதற்குள் இரண்டு தளங்கள் கொண்ட இரண்டாவது வளையம், அதற்குள் ஒரே தளமான மூன்றாவது வளையம், நட்டநடுவில் மூதாதையர் கூடம். மொத்தம் 400 அறைகள் என்பது வழக்கமான கணக்கு. 72 என்ற எண்ணைக் கேட்டதும் பிரமாண்டம் என்று வாய் பிளப்பதைவிட, முற்றத்தில் நின்று ஒரே ஒரு சமையலறைக் கதவைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து கண்ணை நேராக மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். கீழே கரிப்புகை ஏறிய கதவு நிலை, அதற்கு மேல் இரண்டாம் தளத்தில் சாத்திய தானிய அறை, அதற்கு மேல் தாழ்வாரக் கம்பியில் காயும் சட்டை. அந்த ஒடுங்கிய நெடுங்கோடுதான் ஒரு குடும்பத்தின் முழு வீடு. அதற்குப் பக்கத்தில் அதே அகலத்தில் அடுத்த வீடு. இப்படியே ஒரு சுற்று.

இந்த வீட்டைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். வெளியூர் விருந்து ஒன்றில் இரண்டு பெண்கள் சந்திக்கிறார்கள். என் வீடு எவ்வளவு பெரியது தெரியுமா என்று ஆளுக்கு ஆள் பெருமையடிக்கிறார்கள். பேச்சு முற்றி ஊர் விசாரித்துப் பார்த்தால், இருவரும் செங்ச்சி லோவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள்.

சரி, இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். வெளியே ஒரே சுவர்; உள்ளே பல குடும்பங்கள்; ஒவ்வொரு குடும்பத்துக்கும் தரையிலிருந்து கூரைவரை ஒரு செங்குத்துப் பங்கு; ஒவ்வொரு பங்குக்கும் தனி அடுப்பு.

அப்படியானால் பொதுவானது எது?

தனி அடுப்பு என்றதுமே ‘பொதுவுடைமை வீடு’ என்ற விளக்கம் அடிபட்டுப் போகிறது. குடும்பங்களுக்குத் தனிச் சமையல், தனி வரவுசெலவு, தனிச் சொத்து. மகன்களுக்குள் பாகப்பிரிவினை நடக்கும்போது இந்தப் பங்குகளும் அறைகளும் பிரியும்.

பொதுவாக வைத்துக்கொண்டவை வேறு. வெளிச்சுவர், வாசல், கிணறு, முற்றம், மூதாதையர் கூடம், மாடிப்படி, மாடிகளைச் சுற்றி ஓடும் தாழ்வாரம். மூதாதையர் கூடம் என்பது குலத்தின் முன்னோர் பெயர் எழுதிய பலகைகளை வைத்து வழிபடும் இடம். கல்யாணம், சாவு, பண்டிகை, பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான். வட்டத் துலோக்களில் அது நடுவிலோ, வாசலுக்கு நேர் எதிரிலோ இருக்கும்.

இதில் மாடிப்படியும் தாழ்வாரமும் சாதாரண விஷயமாகத் தோன்றும். உண்மையில் கூட்டு வாழ்க்கையே அவற்றில்தான் இருக்கிறது. செங்ச்சி லோ மாதிரி வீடுகளில் மாடிப்படிகள் ஒருசில இடங்களில் மட்டுமே இருக்கும். உங்கள் சமையலறைக்கு நேர் மேலேதான் உங்கள் படுக்கையறை. ஆனால் அங்கே போக நேர்வழி கிடையாது. சமையலறையிலிருந்து வெளியே வந்து, பொதுப் படிக்கட்டு வரை நடந்து, மேலே ஏறி, தாழ்வாரத்தில் வரிசையாகப் பங்காளிகளின் கதவுகளைத் தாண்டித்தான் உங்கள் கதவுக்கு வரவேண்டும். தினமும் பல முறை. யார் வீட்டில் குழந்தை அழுகிறது, யாருக்கு இருமல், யார் இன்னும் தூங்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். சண்டை போட்டவர்களும் அதே படியில்தான் எதிர்ப்படவேண்டும்.

இதை எல்லாரும் விரும்பினார்கள் என்று சொல்ல முடியாது. சூஷி கிராமத்தில் இருக்கும் ஜிசிங் லோவைப் பாருங்கள். 1419-ல் கட்டப்பட்டதாகப் பதிவாகியிருக்கும், மிகப் பழைய வட்டத் துலோக்களில் ஒன்று அது. அங்கே 72 மாடிப்படிகள் இருக்கின்றன. வீட்டுக்கு வீடு சொந்தப் படி. ஒரே வட்டத்துக்குள் இருந்துகொண்டே தனிமையையும் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அந்தப் படிகளே சாட்சி. எனக்கு செங்ச்சி லோவைவிட ஜிசிங் லோ ஒரு படி அதிகம் பிடிக்கும் என்றால் காரணம் இதுதான். சேர்ந்து இருப்பதற்கும் தனித்து இருப்பதற்கும் இடையில் அந்த மக்கள் எடுத்த முடிவை அங்கே மரத்திலேயே பார்க்கலாம்.

வட்டம் எதற்கு?

துலோ என்றாலே வட்டம் என்று நினைப்பது அடுத்த குழப்பம். சதுரமும் செவ்வகமும் நிறையவே உண்டு. இந்த வீடுகளிலேயே மிக உயரமானவற்றில் ஒன்றான ஹெகுய் லோ செவ்வகம்தான். 1732-ல் சதுப்பு நிலத்தின் மேல், ஐந்து தளம், சுமார் 21 மீட்டர் உயரத்தில் எழுப்பியது.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஹோங்கெங் கிராமத்தில் 1880-ல் கட்டிய ஃபூயு லோவில் கூரைகள் முன்னால் தாழ்ந்து, பின்னால் போகப் போக உயரும். பின்னால் இருக்கும் உயரமான பகுதி மூத்தவர்களுக்கு. முன்னும் பின்னும், உயர்வும் தாழ்வும் கட்டடத்திலேயே எழுதியிருக்கும்.

சதுரத்தில் அந்த ஏற்றத்தாழ்வு குறைந்தாலும் ஒரு சிக்கல் தங்கிவிடுகிறது. அது மூலை அறை. இரண்டு சுவர் சந்திக்கும் இடத்தில் வரும் அறைக்கு முற்றத்துப் பக்கம் முகப்பே இருக்காது, இருட்டாக இருக்கும். அதை யாருக்குக் கொடுப்பது? பங்காளிகளுக்குள் இப்படிப்பட்ட ஓர் அறை போதும், மூன்று தலைமுறைக்குச் சண்டை.

வட்டத்தில் மூலையே கிடையாது. எந்த அறையும் எந்த அறைக்கும் சமம். அதே நீளச் சுவரைக் கொண்டு சதுரம் போடுவதைவிட வட்டம் போட்டால் உள்ளே கிடைக்கும் இடமும் அதிகம். ஒரே அளவில் அறுத்த மரங்களைச் சுற்றிலும் பயன்படுத்தலாம் என்பதால் தச்சு வேலையும் எளிது. காவல் காப்பவருக்குக் கண்ணுக்கு மறையும் முனைகள் இல்லை. இப்படிப் பல காரணங்கள் சேர்ந்துதான் வட்டம் நிலைத்தது. வானம் வட்டம், பூமி சதுரம் என்ற சீன நம்பிக்கையை மட்டும் காரணமாகச் சொல்லும் விளக்கங்களும் உண்டு. நம்பிக்கைக்கும் பங்கு உண்டுதான். ஆனால் மூலை அறையை யாரும் வாங்க மாட்டார்கள் என்பது அதைவிட உறுதியான காரணமாக எனக்குத் தோன்றுகிறது.

மண் சுவர் எப்படி இத்தனை நாள் நிற்கிறது?

மண் வீடு என்றதும் மழைக்குக் கரையும் சுவரைத்தான் நாம் நினைப்போம். துலோவின் சுவர் பூசிய மண்ணும் அல்ல, சுட்ட செங்கல்லும் அல்ல. அது இடித்த மண். அதாவது, ஈரம் அதிகமில்லாத மண்ணைப் பலகைகளுக்கு நடுவே கொட்டி, இறுகும்வரை இடித்துச் செய்த சுவர்.

வேலை இப்படி நடக்கும். முதலில் கருங்கல்லும் ஆற்றுக் கூழாங்கல்லும் அடுக்கி அஸ்திவாரம். தரைக்கு மேலும் கொஞ்ச உயரம் கல்லாகவே வரும். தரை ஈரமும் வெள்ளமும் மண்ணைத் தொடக்கூடாது என்பதற்காக. அதன் மேல் இரண்டு பக்கமும் பலகை வைத்த பெட்டி, நம் கொத்தனார்கள் ஷட்டரிங் என்று சொல்வது மாதிரி. அதற்குள் பதமான செம்மண்ணை ஓர் அடுக்கு கொட்டுவார்கள். பெட்டிக்குள் ஏறி நின்று திமிசுக்கட்டை போன்ற நீளமான மர உலக்கையால் இடிப்பார்கள். கொட்டிய உயரம் நன்றாகக் குறைந்து கெட்டிப்பட்டதும் அடுத்த அடுக்கு. நடுநடுவே மூங்கில் பிளாச்சுகளையும் மரக்குச்சிகளையும் படுக்கப் போடுவார்கள். கான்கிரீட்டுக்குள் கம்பி செய்யும் வேலையை இங்கே அந்த மூங்கில் செய்கிறது. சுவர் பிளந்துபோகாமல் இழுத்துப் பிடிக்கிறது. முக்கியமான இடங்களில் மண்ணோடு பசையரிசிக் கஞ்சி, நாட்டுச் சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதும் உண்டு. எல்லாச் சுவரிலும் இது இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அத்தனை முட்டைக்கு எங்கே போவது?

சுவர் அடியில் தடிமனாகவும் மேலே போகப் போக மெலிந்தும் வரும். அடியில் ஒன்றரை மீட்டர் தடிமன் சாதாரணம். ஹுவா-ஆன் பகுதியில் இருக்கும் எர்யி லோவில் அடிச்சுவர் இரண்டரை மீட்டர். ஒரேயடியாக உயர்த்த முடியாது. ஈரம் காயவேண்டும், சுவர் அமரவேண்டும். வருஷத்துக்கு ஒரு தளம் என்ற கணக்கில் போவதால், ஒரு வீடு முடிய மூன்று நான்கு வருஷமாவது ஆகும். விவசாய வேலை ஓய்ந்த மாதங்களில் பங்காளிகள் எல்லாரும் இறங்கி இடிப்பார்கள்.

பழுதான ஒரு துலோவின் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் இதையெல்லாம் கண்ணாலேயே படிக்கலாம். பலகைப் பெட்டி நகர்ந்த இடங்களில் கிடைக்கோடுகள் தெரியும். உடைந்த முகத்தில் கூழாங்கல் பதிந்திருக்கும். வெளுத்துப்போன மூங்கில் நுனி விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கெல்லாம் மேலே கூரை. துலோவின் கூரை விளிம்பு சுவரைத் தாண்டி வெளியே நன்றாக நீண்டிருக்கும். அழகுக்காக வைத்தது போலிருக்கும். ஆனால் சுவரின் உயிரே அதுதான். மழை சுவரில் விழாதவரை இடித்த மண்ணுக்கு ஒன்றும் ஆகாது. சில ஓடுகள் நகர்ந்து, அதை மாற்ற ஆளில்லாமல் போனால், உள்ளே தண்ணீர் இறங்கி மரம் மக்கும், பிறகு சுவர் ஊறும். 1918-ல் தென்கிழக்குக் கடற்கரையை உலுக்கிய நிலநடுக்கத்தில் யோங்டிங்கின் ஹுவான்ஜி லோவின் சுவர் விரிசல் விட்டது. அந்த விரிசல் பிறகு மெல்ல ஒடுங்கிவிட்டது என்று அங்கே சொல்கிறார்கள். கட்டடம் இன்றும் நிற்கிறது. நிலநடுக்கத்தைத் தாங்கிய சுவரை ஒழுகும் கூரை விழுத்திவிடும்.

சுருக்கமாக: கல் பாதம், மூங்கில் வைத்து இடித்த மண் உடம்பு, அகலமான ஓட்டுத் தொப்பி. இந்த மூன்றில் எது போனாலும் சுவர் போய்விடும்.

கோட்டையா, வீடா?

பாதுகாப்பு ஒரு பெரிய காரணம்தான், அதை மறுக்க முடியாது. மிங், சிங் அரசர்கள் காலத்தில் இந்த மலைகள் ஆட்சி மையங்களுக்கு வெகு தூரம். கொள்ளைக் கூட்டங்களும் இருந்தன, குலங்களுக்குள் நிலத்துக்கும் நீருக்கும் சண்டையும் இருந்தது. அதனால் கீழ் இரண்டு தளங்களில் வெளிச்சுவரில் ஜன்னலே கிடையாது. வாசல் பெரும்பாலும் ஒன்றே. கனமான மரக்கதவு, பல இடங்களில் அதன் மேல் இரும்புத் தகடு. கதவுக்குத் தீ வைப்பார்கள் என்பதால், வாசலுக்கு மேல் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு. உள்ளே கிணறும் தானியமும் இருப்பதால் முற்றுகையைச் சமாளிக்கலாம். எர்யி லோவின் மேல்தளத்தில் வெளிச்சுவரை ஒட்டி ஒரு மறைவழி ஓடுகிறது; எந்தப் பக்கம் தாக்கினாலும் உள்ளே இருப்பவர்கள் அதன் வழியாக ஓடி வரலாம்.

ஆனால் கோட்டையில் படை இருக்கும், தளபதி இருப்பார். இங்கே இருந்தது நெல்லும் தேயிலையும் புகையிலையும் பயிரிட்ட விவசாயிகள். பள்ளத்தாக்கில் சமநிலம் குறைவு. வயலை விழுங்காமல் வீடு கட்ட வேண்டுமானால் உயரத்தில்தான் கட்டவேண்டும். மண்ணை இடிக்க ஆள்பலம் வேண்டும், பங்காளிகள் இருந்தார்கள். பணத்துக்கு யோங்டிங்கின் புகையிலை வியாபாரம் கைகொடுத்தது. ஹோங்கெங்கின் புகழ்பெற்ற ஜென்செங் லோவைக் கட்டிய லின் குடும்பம் புகையிலை வெட்டும் கத்தி செய்து விற்றுச் செல்வம் சேர்த்தது. 1912-ல் கட்டிய அந்த வீட்டை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, நடுவே செங்கல் சுவர் வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதியில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவாது. எதிரியைவிட அடுப்பைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் யோசித்திருக்கிறார்கள் போலும். உள்ளே மரம் முழுக்க மரம், பயம் நியாயமானது.

ஹக்கா மக்களும் துலோவும்

ஹக்கா என்ற பெயரை நம்மில் பலர் ஃபாஸ்ட்ஃபுட் கடைப் பலகையில் ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்றுதான் பார்த்திருப்போம். அதற்கு வழி கொல்கத்தா. அங்கே குடியேறித் தோல் பதனிடும் தொழிலும் பிறகு உணவகங்களும் நடத்திய சீனர்களில் பெரும்பாலோர் ஹக்காக்கள். வடசீனாவிலிருந்து பல நூற்றாண்டுகளாகத் தெற்கே நகர்ந்து வந்து, ஃபுஜியான், குவாங்டோங், ஜியாங்சி மாகாணங்கள் சந்திக்கும் மலைப்பகுதியில் தங்கிய மக்கள் அவர்கள். தனி மொழி, தனி உணவு. அங்கிருந்து தென்கிழக்காசியாவுக்கும் நிறையப் பேர் போனார்கள். ரங்கூனில் பிறந்து, டைகர் பாம் தைலத்தை உலகமெங்கும் கொண்டுபோன ஆவ் பூன் ஹாவின் குடும்பத்துக்கு யோங்டிங்தான் பூர்வீகம்.

ஹக்காக்கள் எல்லாரும் வட்ட வீட்டில் வாழ்ந்தவர்கள் அல்ல, வட்ட வீட்டில் வாழ்ந்தவர்கள் எல்லாரும் ஹக்காவும் அல்ல. கொல்கத்தா ஹக்காக்களில் பலருடைய பூர்வீகம் குவாங்டோங்கின் மெய்சியான். அங்கே வீடுகளின் அமைப்பே வேறு, பின்புறம் அரைவட்டமாக வளையும் தாழ்வான வீடுகள். இந்தப் பக்கம், இரண்டரை மீட்டர் சுவர் கொண்ட எர்யி லோவைக் கட்டிய குடும்பம் ஹொக்கியன் வகைச் சீனம் பேசும் மின்னான் மக்களைச் சேர்ந்தது. அந்த வீட்டில் தாழ்வாரத்தில் சுற்றி நடக்கும் முறை இல்லை. தனித்தனி வாசலும் தனித்தனிப் படியும் கொண்ட பன்னிரண்டு வீடுகளாக வட்டத்தைப் பிரித்திருக்கிறார்கள். எனவே ‘ஹக்கா துலோ’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது, பாதி ஊரை விட்டுவிடுகிறோம்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு

கடற்கரை நகரமான ஷியாமென் வழியாகப் போவதுதான் வசதி. அங்கிருந்து அதிவேக ரயிலில் நான்ஜிங் என்ற ஊருக்கோ லோங்யானுக்கோ போய், பிறகு பேருந்திலோ காரிலோ மலை ஏறவேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை. பழைய தலைநகரமான நான்ஜிங் மாநகரம் வேறு. இது ஃபுஜியானின் சிறிய மாவட்டம். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். டிக்கெட் எடுக்கும்போது சீன எழுத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை போகிறவர்கள் ஹோங்கெங்கில் தொடங்குவது நல்லது. 1880-ன் ஃபூயு லோவும் 1912-ன் ஜென்செங் லோவும் ஒரே ஊரில் இருப்பதால், மேலே சொன்ன ஏற்றத்தாழ்வுக் கூரையையும் சமமான வட்டத்தையும் நடந்தே ஒப்பிடலாம். தியான்லுவோகெங் படம் பிடிக்க அருமையான இடம்; நடுவில் ஒரு சதுரம், சுற்றி மூன்று வட்டமும் ஒரு நீள்வட்டமும். ‘நாலு கறி, ஒரு சூப்’ என்று சீனர்கள் அதைக் கூப்பிடுவார்கள். ஆனால் மேலே காட்சி மேடையில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவதில் பயனில்லை. கீழே இறங்கி உள்ளே போங்கள். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு சூஷி.

உள்ளே போனதும் ஞாபகத்தில் வைக்க வேண்டியது, அது அருங்காட்சியகம் இல்லை என்பதை. இளைஞர்கள் பெரும்பாலும் நகரங்களுக்கோ பக்கத்துக் கான்கிரீட் வீடுகளுக்கோ போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் வயதானவர்களும், சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும். தரைத்தளச் சமையலறை வாசலில் மேசை போட்டுத் தேநீர் ஊற்றித் தருவார்கள். அது உபசாரமும்தான், வியாபாரமும்தான். குடித்துப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தேயிலையோ உலர்ந்த காய்கறியோ வாங்கினால் முறையாக இருக்கும்.

மேல்மாடிக்குப் பல வீடுகளில் விடமாட்டார்கள். தாழ்வாரப் பலகைகள் பழசு, ஒரே நேரத்தில் நூறு பேர் ஏறினால் தாங்காது. அதோடு, அங்கே இருப்பது மற்றவர்களின் படுக்கையறை. சில இடங்களில் வீட்டுக்காரர்கள் சிறு தொகை வாங்கிக்கொண்டு அழைத்துப் போவார்கள்; கேட்டுப் பாருங்கள், மறுத்தால் வற்புறுத்தவேண்டாம். சில துலோக்களில் இரவு தங்கவும் அறை கிடைக்கும். கழிப்பறை வெளியே இருக்கும் வாய்ப்பு அதிகம். பழைய துலோக்களில் அதற்கு இடமே வைக்கவில்லை. மூதாதையர் கூடத்தில் பலகைகளையும் படையல் மேசையையும் தொடக்கூடாது. சிகரெட் பிடிப்பவர்கள் வெளியே போய்விடுங்கள்.

அப்புறம், யாராவது ஒரு பாட்டி அடுப்பருகே உட்கார்ந்திருந்தால் கேமராவைத் தூக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் உட்கார்ந்திருப்பது பொது முற்றமாகத் தெரியலாம். ஆனால் அவருக்குப் பின்னால் இருக்கும் கதவிலிருந்து ஓடு வரைக்கும் அவர் வீடு.